எத்தனை ஒன்பது வேண்டும்? வீட்டில் ஆடியோ கேபிள் செய்கிறவர்களுக்கு

தங்கம் வாங்கப் போனால் மாற்று கேட்கிறோம். பத்தரை மாற்று என்பது பழைய கணக்கு, 916 என்பது இன்றைய கணக்கு. ஆடியோ பைத்தியம் பிடித்தவர்கள் இதே பேச்சைச் செம்புக்குப் பேசுவார்கள்: 4என், 5என், 6என். அந்த 'என்' எத்தனை ஒன்பது என்பதைச் சொல்கிறது. 99.99 சதவீதம் சுத்தம் என்றால் நான்கு ஒன்பது, 99.9999 என்றால் ஆறு. ஒன்பது கூடக் கூட விலையும் ஏறும். முதல்முறையாக வீட்டில் கேபிள் செய்ய உட்காருகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: எத்தனை ஒன்பது வாங்கலாம்?

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்பதை எண்ண வேண்டாம். வாங்கியது செம்புதானா, பருமன் போதுமா, முனை ஒழுங்காகப் பற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் கோட்டை விட்டுவிட்டு ஆறு ஒன்பது வாங்கிப் பயனில்லை.

முதலில் கணக்கு

செம்பின் கடத்துதிறனுக்கு 1913-இல் ஒரு சர்வதேச அளவுகோல் வைத்தார்கள். அன்றைய நல்ல செம்புக் கம்பி எவ்வளவு கடத்தியதோ அதை 100 சதவீதம் என்று குறித்தார்கள். இன்று வீட்டு வயரிங்குக்கு வரும் சாதாரண எலக்ட்ரோலைட்டிக் செம்பு (குறைந்தபட்சம் 99.9 சதவீதம் சுத்தம்) அந்த 100-ஐச் சர்வசாதாரணமாகத் தொடும். ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு, அதாவது கடைகளில் 'ஓஎஃப்சி' என்று சொல்வது, 101. வெள்ளியே 105, 106-தான். ஆக, ஒன்பதுகளைக் கூட்டிக்கொண்டே போனால் கடத்துதிறனில் கிடைப்பது ஏறக்குறைய ஒரு சதவீதம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண செம்பில் கொஞ்சம் ஆக்ஸிஜன் இருப்பது கவனக்குறைவால் அல்ல, வேண்டுமென்றே விடுகிறார்கள். உள்ளே இருக்கும் வேறு மாசுகளை ஆக்ஸிஜன் பிடித்து ஆக்ஸைடாக ஒதுக்கிவிடுவதால் கடத்துதிறன் கெடுவதில்லை. இதற்கு நேர் எதிர் உதாரணம் ஏசி மெக்கானிக் வளைக்கும் செம்புக் குழாய். அதுவும் 99.9 சதவீதச் செம்புதான். ஆனால் ஆக்ஸிஜனை எடுக்கப் பாஸ்பரஸ் சேர்த்திருப்பார்கள். ஒரு சதவீதத்தில் நூறில் சில பங்குதான் அந்தப் பாஸ்பரஸ். அதற்கே கடத்துதிறன் 85 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். இரண்டிலும் ஒன்பதுகள் அதே மூன்று, மின்சாரத்துக்கு இரண்டும் வேறு வேறு உலோகம் மாதிரி. என்ன மாசு என்று சொல்லாமல் சுத்தத்தின் சதவீதத்தை மட்டும் அச்சடிப்பதில் அவ்வளவாக அர்த்தமில்லை.

சரி, அந்த ஒரு சதவீதம் காதுக்குக் கேட்குமா? 5 மீட்டர் தூரத்தில் 8 ஓம் ஸ்பீக்கர் இருக்கிறது, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடுகிறீர்கள் என்று வையுங்கள். போக ஒன்று, வர ஒன்று என மொத்தம் 10 மீட்டர் செம்பு. இந்தப் பருமனுள்ள ஃப்ளெக்ஸிபிள் வயருக்குத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச மின்தடை கிலோமீட்டருக்கு 7.98 ஓம். நம் பத்து மீட்டருக்கு 0.08 ஓம். இதனால் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தில் இழப்பு 0.09 டெசிபெல்லை ஒட்டி வரும். ஒரு சதவீதம் நல்ல செம்பு போட்டால் இதில் எவ்வளவு மிச்சம் தெரியுமா? ஒரு டெசிபெல்லில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் செம்பின் மின்தடை 0.39 சதவீதம் ஏறும். ஏசி போட்ட அறையில் 24 டிகிரி, மதியம் கரண்ட் போய் வந்தபின் 36 டிகிரி என்றால் அதே கேபிளின் தடை கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடியிருக்கும். ஒன்பதுகளுக்குக் கொடுத்த காசு ஏசி ரிமோட்டின் ஒரு அமுக்கலுக்குத் தாங்காது.

ஸ்பீக்கருக்குள்ளே போனால் கதை இன்னும் மோசம். 8 ஓம் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) 6 ஓம் போல இருப்பது மெல்லிய எனாமல் வயர். பலத்த சத்தத்தில் அது நூறு டிகிரி ஏறினால் தடை 39 சதவீதம் கூடும். சில ட்வீட்டர்களிலும் (உச்ச ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்) ஹெட்ஃபோன்களிலும் எடை குறைய வேண்டும் என்பதற்காகவே செம்பு பூசிய அலுமினியத்தில் காயில் சுற்றுகிறார்கள். ஆறு ஒன்பது கேபிள் கடைசியில் போய்ச் சேரும் இடம் அது.

'ஓசிசி' என்ற பெயரும் கண்ணில் படும். ஜப்பானின் சிபா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அட்சுமி ஓனோ கண்டுபிடித்த வார்ப்பு முறை அது. அச்சைச் சூடாக வைத்து வார்ப்பதால் செம்பின் படிகங்கள் மிக நீளமாக வளரும். அறுந்துபோகாமல் மிக மெல்லிய கம்பியாக இழுக்க அது அருமையான செம்பு. ஆனால், சாதாரணச் செம்பில் படிகங்களின் ஓரங்கள் குட்டி டையோடுகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுபவை) மாதிரி ஒலியைக் கெடுக்கின்றன என்று விற்பனைக்காரர் ஆரம்பித்தால் அந்த இடத்தில் எழுந்துவிடலாம். செம்பு ஆக்ஸைடு குறைகடத்தி என்பதும், ஒரு காலத்தில் அதை வைத்து ரெக்டிஃபயர் செய்தார்கள் என்பதும் உண்மை. கம்பிக்குள் உலோகப் பாதை தொடர்ச்சியாக இருக்கும்போது மின்னோட்டத்துக்கு அந்த ஆக்ஸைடு வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை.

படி 1: நீளத்தை அள, பருமனை முடிவு செய்

ஆம்ப்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கர் வரை கயிறு பிடித்து அளந்துவிடுங்கள். கண் மதிப்பு எப்போதும் ஒரு மீட்டர் குறைத்தே சொல்லும். சுவரோரம் வளைந்து போவதையும், பின்னால் நகர்த்தி எடுக்க விட வேண்டிய தளர்வையும் சேருங்கள்.

கேபிளின் மொத்தத் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்தக் கணக்கில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 1 சதுர மில்லிமீட்டர் 5 மீட்டர் வரை தாங்கும், 1.5 என்றால் ஏழரை மீட்டர், 2.5 என்றால் பன்னிரண்டரை மீட்டர். 8 ஓமுக்கு இவற்றை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். நம் வீட்டு ஹால்களுக்கு ஒன்றரை ஸ்கொயர் (கடைக்காரர்கள் சதுர மில்லிமீட்டரைச் சொல்லும் விதம்) பெரும்பாலும் போதும். மீட்டருக்குச் சில ரூபாய்தான் வித்தியாசம் என்பதால் நான் இரண்டரையே வாங்குகிறேன். அதற்கு மேல் போனால் முனையில் போடும் பின்னுக்குள் நுழையாது, வளைக்கும்போது கை வலிக்கும், அவ்வளவுதான்.

படி 2: கடையில்

சென்னையில் இருந்தால் ரிச்சி தெரு. மற்ற ஊர்களில் எலக்ட்ரிக்கல் கடையே போதும். 'ஸ்பீக்கர் வயர்' என்று கேட்காமல் 'டூ கோர் ஃப்ளெக்ஸிபிள், ரெண்டரை ஸ்கொயர், ஐஎஸ்ஐ மார்க்' என்று கேளுங்கள். உறையில் ஐஎஸ் 694 என்ற எண்ணும் பருமனும் அச்சிட்டிருக்க வேண்டும். வெளி உறைக்குள் சிவப்பு, கறுப்பு என இரண்டு நிறத்தில் கோர் இருந்தால் பிளஸ் மைனஸ் குழப்பமும் இல்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் கேபிளுக்கு, கண்ணாடி மாதிரி உறை போட்டு உள்ளே பளபளவென்று செம்பு மின்னும் ஒரு வயரை மீட்டர் கணக்கில் வாங்கினேன். உறையில் 'ஓஎஃப்சி' என்று அச்சு. "பியூர் காப்பர்தானே அண்ணே?" என்று கேட்டதற்கு, "சார், பாத்தாலே தெரியலையா?" என்றார். பார்த்தால் செம்புதான். வீட்டுக்கு வந்து உறையை உரித்து முறுக்கும்போது நான்கைந்து இழை பட்டென்று உடைந்தது. அப்போதும் சந்தேகம் வரவில்லை. சால்டரிங் செய்கையில் சில இழைகளின் வெட்டுமுனையில் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓட, பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். சிவப்புத் தோலுக்குக் கீழே வெள்ளை அலுமினியம். ஆக்ஸிஜன் நீக்கியிருந்தார்களோ என்னவோ, செம்பையே நீக்கியிருந்தார்கள்.

இதற்குப் பெயர் 'சிசிஏ', செம்பு பூசிய அலுமினியம். கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி வரும். பருமன் சொன்னபடி இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதுவே பெரிய கேடு செய்யாது, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் இதை விற்கிறவர்கள் பருமனிலும் கை வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று முறை வளைத்தால் முனை ஒடியும், திருகின் கீழே நாளடைவில் தளரும்.

படி 3: செம்பா என்று சோதி

மூன்று வழி சொல்கிறேன்.

முதலாவது பிளேடு. ஓர் இழையை எடுத்துச் சாய்வாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பு என்றால் செம்பு. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் சிசிஏ. வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் பயப்பட வேண்டாம். அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, கடல் காற்று அடிக்கும் ஊருக்கு இன்னும் நல்லது.

இரண்டாவது மெழுகுவத்தி. உறை உரித்த ஓர் இழையைச் சுடரில் காட்டுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகுவதால் இழை துவண்டு அறும். செம்புக்கு 1085 டிகிரி வேண்டும். செக்கச்சிவந்து அப்படியே நிற்கும். கேஸ் அடுப்பில் காட்ட வேண்டாம், மெல்லிய இழை என்றால் செம்பே உருகக்கூடும். உறையோடும் கொளுத்த வேண்டாம், பிவிசி புகை மூக்கை அரிக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அதில் செம்பா என்பதோடு பருமனும் தெரிந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் 0.08 ஓமை அளக்க முடியாது, மீட்டரின் சொந்த வயரே அதைவிட அதிகம் காட்டும். அதனால் மின்னோட்டத்தை ஓடவிட்டு மில்லிவோல்ட் அளக்க வேண்டும். பழைய 5 வோல்ட் 2 ஆம்பியர் மொபைல் சார்ஜர் ஒன்று, வெட்டிய யுஎஸ்பி வயர் ஒன்று, 4.7 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று. கேபிளின் ஒரு முனையில் இரண்டு கோரையும் சேர்த்து இறுக்கி முறுக்குங்கள். மறுமுனையில், சார்ஜரின் சிவப்பிலிருந்து ரெசிஸ்டர் வழியாக ஒரு கோருக்கும், இன்னொரு கோரிலிருந்து சார்ஜரின் கறுப்புக்கும் இணையுங்கள். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட் என்று பாருங்கள், 4.7 வந்தால் ஓடுவது சரியாக 1 ஆம்பியர். இப்போது மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கேபிளின் இரண்டு கோருக்கும் நடுவே அளவெடுங்கள். மீட்டரின் பின்னை இணைப்புக் கிளிப்பின் மேல் வைக்காமல் செம்பின் மேலேயே வைக்க வேண்டும்.

5 மீட்டர், இரண்டரை ஸ்கொயர், நிஜச் செம்பு என்றால் 80 மில்லிவோல்ட்டை ஒட்டி வரும். நம் ஊர் வெப்பத்துக்கு நான்கைந்து கூடலாம். 110, 120 என்று ஏறினால் ஒன்று அலுமினியம், இல்லையென்றால் இரண்டரை என்று சொல்லி ஒன்றரை விற்றிருக்கிறார்கள். ரெசிஸ்டர் 5 வாட் வரை குடிக்கும், தொட்டால் விரல் வெந்துவிடும். அளந்ததும் பிடுங்கிவிடுங்கள்.

படி 4: முனை

ஆம்ப்பில் ஸ்பிரிங் கிளிப்போ திருகோ இருந்தால் வெற்று வயரே போதும். ஒன்றரை சென்டிமீட்டர் உரித்து இறுக்கமாக முறுக்கிச் செருகுங்கள். திருகின் கீழே போகும் முனைக்கு ஈயம் பூச வேண்டாம். ஈயம் மிருதுவானது, அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுத்து, சில மாதத்தில் திருகு தளர்ந்திருக்கும்.

பனானா பின் போடுவதானால் திருகு வைத்த பின் வாங்கினால் சால்டரிங்கே வேண்டாம். சால்டர் செய்துதான் ஆவேன் என்றால் 60/40 ரெசின் கோர் ஈயம், 40 முதல் 60 வாட் அயர்ன். 25 வாட்டில் இரண்டரை ஸ்கொயர் வயர் சூடேறாது. வெப்பத்தை எல்லாம் செம்பு இழுத்துக்கொண்டு போய்விடும். டப்பாவில் வரும் ஆசிட் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள், ஒரு மழைக்காலம் போனால் இணைப்புப் பச்சை பூத்துவிடும். ஷ்ரிங்க் ஸ்லீவையும் (சூட்டில் சுருங்கும் உறை) பின்னின் மூடியையும் முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள். இதைச் சொல்லிக்கொண்டே நானும் வாரம் ஒரு முறை மறக்கிறேன்.

ஈயமும் பின்னும் என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. 60/40 ஈயத்தின் கடத்துதிறன் செம்பில் ஒன்பதில் ஒரு பங்கு. பின் செய்த பித்தளை நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. ஆறு ஒன்பது வயரின் இரு தலையிலும் இவைதான் உட்கார்ந்திருக்கின்றன. சில மில்லிமீட்டர் தூரம்தான் என்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் மங்கலாக, சொரசொரப்பாகக் குளிர்ந்துபோன ஒரு மோசமான சால்டர் இணைப்பு இருந்தால், அதுதான் கரகரவென்று கேட்கும்.

ஆர்சிஏ கேபிள் என்றால்

டிஏசியிலிருந்தோ (டிஜிட்டல் இசையை அனலாக் ஆக்கும் கருவி) சிடி பிளேயரிலிருந்தோ ஆம்ப்புக்குப் போகும் கேபிளில் கதையே வேறு. எதிர்முனையில் 20,000 ஓம் போல உள்ளீட்டுத் தடை காத்திருக்கும்போது, வயரின் 0.1 ஓம் இருந்தாலென்ன, போனாலென்ன? மைய வயரின் சுத்தம் இங்கே இன்னும் பொருட்டில்லை. பொருட்டானது வெளிப்பின்னல், அதாவது ஷீல்டு. இரண்டு கருவிகளுக்கும் இடையே கசிகிற மெயின்ஸ் மின்னோட்டம் ஷீல்டு வழியாகத்தான் ஓடும். அதன் தடையால் எழும் மில்லிவோல்ட்டின் துளியும் இசையோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று உறுமும். அதனால் பின்னல் அடர்த்தியாகவும் செம்பாகவும் இருக்க வேண்டும்.

மிச்சம் கிடக்கும் கேபிள் டிவி வயரை எடுத்துச் செய்யலாமே என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதில் மையம் பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு, பின்னல் அலுமினியம். ஈயம் பின்னலில் ஒட்டவே ஒட்டாது. செம்புப் பின்னல் உள்ள சிசிடிவி கோஆக்ஸோ நல்ல மைக் கேபிளோ வாங்குங்கள். சால்டர் செய்யும்போது ஆர்சிஏ பின்னை ஒரு பழைய சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டால் உள்ளே பிளாஸ்டிக் இளகினாலும் நடுப்பின் கோணாது.

ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் மட்டும் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூவிங் மேக்னெட் வகைக் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி இருக்கும் பகுதி) கேபிளின் கொள்ளளவு (கெபாசிட்டன்ஸ்) மெய்யாகவே தொனியை மாற்றும். மீட்டருக்கு 67 பிகோஃபாரட் போல உள்ள கோஆக்ஸ் ஒரு மீட்டருக்குள் முடித்தால் கவலையில்லை.

இணைக்கும் முன்

மல்டிமீட்டரைக் கண்டின்யூட்டியில் வைத்து நான்கு சோதனை. சிவப்பின் இரு முனை: பீப் வர வேண்டும். கறுப்பின் இரு முனை: பீப் வர வேண்டும். இந்த முனையில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே: வரக்கூடாது. பிறகு வயரை ஆட்டிக்கொண்டே இன்னொரு முறை. மயிரிழை போல ஒரே ஒரு செம்பு இழை தப்பிப் பக்கத்தைத் தொட்டால் போதும், ஆம்ப்பின் அவுட்புட் காலி. இப்போது மலிவாகக் கிடைக்கும் டிபிஏ3116 ஆம்ப் போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் என்பது கிரவுண்டு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது.

கண்ணாடி உறை வயர் கொஞ்ச நாளில் பச்சையாக மாறினால் பதறி மாற்ற வேண்டாம். உள்ளே உலோகம் அப்படியேதான் இருக்கிறது. முனையில் மட்டும் ஓர் அங்குலம் வெட்டிப் புதிதாக உரித்தால் போதும்.

அப்படியும் மனசு கேட்கவில்லையா

விலை அதிகமான கேபிளைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்குங்கள். அதே நீளம், அதே பருமன் இருக்க வேண்டும். ஆம்ப்பின் பின்பக்கத்தை ஒரு துண்டால் மறைத்துவிட்டு, வேறொருவரைக் காசு சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் இது, பூ விழுந்தால் அது. மாற்றும்போது ஆம்ப்பை அணைக்கச் சொல்லுங்கள், வால்யூம் குமிழைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். பழகிய பாட்டின் அதே அரை நிமிடத்தைக் கேட்டு எது என்று எழுதுங்கள். 16 முறை செய்து 12-க்கு மேல் சரியாக வந்தால் உங்களுக்கு ஏதோ கேட்கிறது என்று நானே ஒப்புக்கொள்வேன்.

நான் செய்தபோது என் மச்சான்தான் முழு மதியமும் குனிந்து மாற்றிக் கொடுத்தான். முதல் ஆறு முறை எனக்கு அவ்வளவு நிச்சயம். நல்ல கேபிளில் வயலின் தனியாக நிற்கிறது என்றுகூட எழுதி வைத்தேன். தாளைத் திருத்திப் பார்த்தால் 16-இல் 9 சரி. சும்மா காசு சுண்டியிருந்தாலே எட்டு வந்திருக்கும்.